துப்பாக்கி கேள்வி-பதில்: பாதியில் நிற்கும் போல்ட்

கேள்வி: என்னுடையது .308 வின்செஸ்டர் ரைபிள், போல்ட் ஆக்‌ஷன். கடைத் தோட்டா தடையில்லாமல் ஓடுகிறது. வீட்டில் நானே அடைத்தவற்றில் ஐந்துக்கு ஒன்று போல்ட்டின் (தோட்டாவைத் தள்ளி மூடும் தண்டு) கைப்பிடியை இறங்க விடுவதில்லை. ஒன்று பாதியில் நின்றது. பின்னால் இழுத்ததும் உறை மட்டும் வந்தது. குண்டு குழாயிலேயே தங்க, வெடிமருந்து மேகசினுக்குள் கொட்டிவிட்டது. உறைகள் நான்கு முறை சுட்டவை. கழுத்தை மட்டும்தான் டையில் (சுட்ட உறையைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு) இறுக்குகிறேன்.
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கோளாறு ஒன்றல்ல, இரண்டு.

குண்டு குழாயில் சிக்கியது, அதை வெளியே தூக்கி அமர்த்தியதால். .308-க்கு முழுத் தோட்டாவின் உச்ச நீளம் 71.37 மி.மீ. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. குழாயின் உட்புறம் சுழன்று ஓடும் வரிகளை முதலில் தொடுவது குண்டின் முனையல்ல, அதன் பருத்த வளைவு. குண்டின் வடிவம் மாறினால், நீளம் சரியாக இருந்தும் முட்டும். மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத போலித் தோட்டா ஒன்று செய்து, குண்டில் மார்க்கர் மை பூசி, சேம்பரில் (குழாயின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) ஏற்றி எடுங்கள். வரியின் கீறல் தெரிந்தால், அது மறையும்வரை குண்டை உள்ளே இறக்கி, அதற்கும் மேலே அரை மி.மீ. இறக்குங்கள். நீளத்தை மாற்றிய பிறகு பழைய மருந்தளவிலேயே தொடராதீர்கள். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து திரும்ப ஏறி வாருங்கள்.

சிக்கிய குண்டை எடுக்க: உறை வெளியே வந்துவிட்டதா என்று பார்த்து, போல்ட்டையும் மேகசினையும் கழற்றி, துப்பாக்கியைக் கவிழ்த்து மருந்தை உதறிவிட்டு, குழாயின் வாய்ப்பக்கம் இருந்து துப்புரவுக் கம்பியால் மெல்லத் தட்டுங்கள். டிரிகரிலும் போல்ட் பற்கள் அமரும் பள்ளத்திலும் ஒரு மணி மருந்துகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அடுத்த தோட்டாவும் இறுகும். முழுத் தோட்டாவே உள்ளே மாட்டியிருந்தால் கம்பியைத் தொடவே வேண்டாம். சுத்தியலும் வேண்டாம், சுட்டுத் தீர்க்கும் யோசனையும் வேண்டாம். வாயை ஆபத்தில்லாத பக்கம் வைத்துத் துப்பாக்கி மெக்கானிக்கை அழையுங்கள்.

இனி அந்த ஐந்தில் ஒன்று. கழுத்தை மட்டும் இறுக்கிய உறையின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி), ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் முன்னே நகர்ந்து, மூன்று நான்கு முறையில் சேம்பரை நிறைத்துவிடும். முழு நீள டைக்கு மாறுங்கள். ஷெல் ஹோல்டரை (உறையின் அடியைப் பிடிக்கும் துண்டு) தொட்டபின் இன்னும் கால் திருகு என்று டைப் பெட்டியில் எழுதியிருக்கும். அது எல்லாத் துப்பாக்கிக்குமான பொது வழி. உங்களுக்குத் தோள் 0.025 முதல் 0.05 மி.மீ. வரை பின்வாங்கினால் போதும். டையின் மரையில் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 1.8 மி.மீ., அதாவது 0.05 என்பது பத்து டிகிரிதான். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, காலி உறையைச் சேம்பரில் போட்டுப் பாருங்கள். அளவுக்கு மீறித் தள்ளினால் உறை அடிப்பக்கம் நீண்டு, சில சூட்டில் வளையமாக அறுந்துவிடும்.

காலி உறை சுலபமாகப் போய், குண்டு வைத்தபின் இறுகினால் தவறு அடுத்த கட்டத்தில். உறை 51.18 மி.மீ.-ஐத் தாண்டியிருக்கலாம்; 50.93-க்கு வெட்டுங்கள். அல்லது கிரிம்ப் (உறையின் வாயைக் குண்டின்மேல் இறுக்குவது) அழுத்தத்தில் தோள் பிதுங்கியிருக்கும். இது கண்ணுக்குத் தெரியாது, மையில் தெரியும்.

கேள்வி: மச்சானும் .308 வைத்திருக்கிறார். அவர் அடைத்துத் தந்த தோட்டாவைச் சுடலாமா?
- வாசகர், டோங்காட்

பதில்: கூடாது. அவருடைய சேம்பர் அகலமாக இருந்தால் அடிப்பக்கம் பருத்திருக்கும், உங்களுடையதில் இறுகும். அதைவிடப் பெரியது, அவர் துப்பாக்கி தாங்கிய மருந்தளவை உங்களுடையது தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காலி உறைகளைக் கேட்டு வாங்கி நீங்களே அடையுங்கள்.

கேள்வி: ஏற்றும்போது சிக்கல் இல்லை, சுட்டபின்தான் போல்ட் திறக்க மறுக்கிறது.
- வாசகர், லேடிஸ்மித்

பதில்: அழுத்தம் அதிகம். பிரைமர் தட்டையாகி, உறையின் அடியில் எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் ஊசி) தடம் பளபளத்தால் அந்தத் தொகுதியை அன்றே நிறுத்துங்கள். மிச்சத் தோட்டாக்களைப் பிரித்து, மருந்தைக் குறைத்து அடையுங்கள். பாக்கியின் (பிக்கப் வண்டி) டேஷ்போர்டில் வெயிலில் கிடந்த தோட்டா, குளிர்காலையில் சரியாக இருந்த அளவிலேயே இப்படிச் செய்யும்.

கேள்வி: வீட்டில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம்?
- வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா, 2,400 பிரைமர். பதிவு பெற்ற அர்ப்பணிப்பு (dedicated) வேட்டைக்காரருக்கும் விளையாட்டுச் சுடுநருக்கும் விலக்கு உண்டு.