பெனிசிலினுக்குக் கேட்காத மடிநோய்: மருந்தின் அளவைக் கூட்டலாமா?

கேள்வி: என் கறவைப் பசுவின் வலது பின்காம்பில் மடிநோய் கண்டதால், பெனிசிலின் மருந்தை மூன்று நாட்கள் காம்புத் துளை வழியாகச் செலுத்தினோம். வீக்கம் வடிந்தது, பத்தே நாளில் பால் மறுபடியும் திரிதிரியாக வருகிறது. கிருமியின் சுவர் கட்டும் நொதி வடிவம் மாறியிருக்கலாம் என்கிறார் மருத்துவர். அளவைக் கூட்டினால் கேட்குமா?

பதில்: கூட்ட வேண்டாம். மருத்துவர் சொன்னதன் பொருள் தெரிந்தால் காரணம் விளங்கும்.

மடிநோயை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்குள் ஏறத்தாழ 20 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார் டயரில்கூட இதில் சிறு பங்குதான் உண்டு. கிருமி வெடிக்காமல் காப்பது, சர்க்கரை இழைகளைக் குறும்புரதத் துண்டுகள் குறுக்கே பிணைத்து உருவான வலை போன்ற செல்சுவர். இந்தப் பிணைப்பைப் போடும் நொதியில் ஒரு பள்ளமும், அதன் அடியில் செரின் என்னும் அமினோ அமிலமும் உள்ளன. சுவர்த்துண்டின் முனையில் இரட்டையாக உள்ள டி-அலனின் என்னும் அமினோ அமிலம் பள்ளத்தில் படிந்ததும், செரின் கடைசி அலனினைக் கழற்றிவிட்டு, மீதியைச் சற்று நேரம் பற்றியிருந்து, பக்கத்துத் துண்டோடு இணைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறது. பெனிசிலின் அந்த இரட்டை அலனினைப் போலவே இருப்பதை 1965இல் டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் என்னும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஏமாந்த செரின் மருந்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு விட முடியாமல் நொதி முடங்க, சுவர் பலமிழந்து கிருமி உடைகிறது.

மெக்ஏ என்னும் மரபணு பெற்ற கிருமியிடம் சுவர் கட்டும் பிபிபி2ஏ என்ற கூடுதல் நொதி உண்டு. அதன் பள்ளம் ஏறத்தாழ மூடிக்கிடக்கிறது. செரினும் வினைக்கு வசதியில்லாத கோணத்தில் திரும்பியிருப்பதால், மருந்து அருகில் வந்தாலும் பிணைவது மிக மெதுவாகவே நடக்கிறது. அப்படியானால் சுவர் வேலை எப்படி நடக்கும்? பள்ளத்திலிருந்து 6 நானோமீட்டர் தள்ளியுள்ள வேறோர் இடத்தில் சுவர்ப்பொருள் வந்து தொட்டதும் பள்ளம் திறந்துகொடுக்கிறது. கிருமியாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை. இந்த வகைக்குப் பெனிசிலினை இரட்டிப்பாக்கினாலும் கேட்காது, அதே குடும்பத்து மருந்தான குளோக்சாசிலினும் கேட்காது.

ஆனால் உங்கள் பசுவுக்கு இதுதான் என்று இப்போதே முடிவுகட்டக் கூடாது. பெனிசிலின் மூலக்கூறில் உள்ள வளையத்தை அறுத்தெறியும் பீட்டா-லாக்டமேஸ் என்னும் வேறொரு நொதியைச் சுரக்கும் கிருமியாக இருக்கலாம்; அதற்குக் குளோக்சாசிலின் பெரும்பாலும் வேலை செய்யும். வீக்கம் வடிந்து திரும்பியதைப் பார்த்தால் எனக்கு மூன்றாவது சந்தேகமே வலுவாகிறது: மடித் திசுவுக்குள் சீழ்க்கட்டியில் புதைந்து, பெருகாமல் கிடக்கும் கிருமி சுவர் கட்டுவதே குறைவு, கட்டாத சுவரைக் கெடுக்க மருந்துக்கு வழியில்லை. மைக்கோபிளாஸ்மா என்னும் வேறு வகைக் கிருமியாக இருந்தால் அதற்குச் செல்சுவரே கிடையாது.

ஆகவே அடுத்த மருந்தைச் செலுத்துமுன் பால் மாதிரி எடுங்கள். காம்பைக் கழுவித் துடைத்து, முதல் சில பீச்சுகளைத் தனிப் பாத்திரத்தில் பீச்சி அப்புறப்படுத்தி, காம்பின் நுனியை 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் தேய்த்து உலரவிட்ட பின், கிருமிநீக்கிய குப்பியை வாய் மேல்நோக்காமல் சாய்த்துப் பிடித்துப் பீச்ச வேண்டும். பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அந்தப் பசுவைக் கடைசியாகக் கறந்து, கறந்தவர் கையை நன்றாகக் கழுவட்டும்; திரிந்த பாலைக் கன்றுக்கும் ஊட்ட வேண்டாம்.