கறவை ஆட்டுக்கு எந்தத் தீவனம், எவ்வளவு? பர்மா வாசகர்களின் கேள்விகள்

கடையில் ஈஸ்ட் பவுடர் விற்கிறார்கள். கொடுத்தால் பால் இரட்டிப்பாகும் என்கிறார்கள். வாங்கலாமா? (தட்டோன்)

இரட்டிப்பாகாது. ஆனால் ஈஸ்ட் வெறும் ஏமாற்று வேலையும் இல்லை. ஆட்டின் முன்வயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்ஸிஜன் ஆகாது. உயிருள்ள ஈஸ்ட் அந்த ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்ளும், புளிப்பு ஏறாமலும் ஓரளவு காக்கும். அடர்தீவனம் (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) அதிகம் தின்னும் ஆட்டிலும், கோடை வெயிலில் தீனி குறைத்துவிட்ட ஆட்டிலும் பலன் தெரியும். வாங்கும்போது உயிருள்ள ஈஸ்டா, காலாவதி தேதி என்ன என்று பாருங்கள். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி கொடுங்கள். சூடான கஞ்சியில் மட்டும் கலக்காதீர்கள், ஈஸ்ட் செத்துப்போகும்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆடு ஒரு நாளைக்கு எவ்வளவு தழை தின்கிறது? 40 கிலோ எடையுள்ள கறவை ஆட்டுக்கு மூன்று வீசை, அதாவது 5 கிலோவுக்குக் குறையாமல் பச்சைத் தழையும் புல்லும் வேண்டும். பாலில் கொழுப்பு ஏறுவதே நார் செரித்து வரும் அமிலத்தால்தான். தழை இல்லாமல் தவிட்டையும் சோற்றையும் போட்டுவிட்டு எந்தப் பவுடரைத் தூவினாலும் அந்தக் காசு வீண். கொட்டிலில் ஆடுகள் படுத்திருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். பாதிக்கு மேல் அசை போடவில்லை என்றால் நார் பற்றவில்லை என்று அர்த்தம்.

கோவில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை ஆடுகளுக்கு வைத்தோம். மறுநாள் இரண்டு ஆடு வயிறு ஊதிப் படுத்துவிட்டன, ஒன்று இறந்துவிட்டது. என்ன காரணம்? (பெகு)

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. திருவிழா மாதங்களில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. வெந்த சோற்றின் மாவு முன்வயிற்றில் மிக வேகமாகப் புளிக்கும். லாக்டிக் அமிலம் பெருகி நல்ல கிருமிகளைக் கொல்லும், ரத்தத்திலும் புளிப்பு ஏறும். ஆடு தீனியை விடும், பல்லைக் கடிக்கும், புளித்த வாடையோடு கழியும், தள்ளாடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இது முற்றிவிடும்.

ஆரம்பத்திலேயே கவனித்தால் சோறு, தவிடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வைக்கோலும் காய்ந்த புல்லும் மட்டும் போடுங்கள். 20 கிராம் ஆப்ப சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, தலையை மேலே தூக்காமல், வாயோரமாக மெல்ல மெல்லப் புகட்டுங்கள். பேக்கிங் பவுடர் வேறு, அதைக் கொடுக்காதீர்கள். எழுந்து நிற்க முடியாத ஆட்டுக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்குத் தடுப்பூசியும் போட்டு வையுங்கள், அந்த நோயின் கிருமிக்கும் இப்படித் திடீரென்று வரும் மாவுத்தீனிதான் கொண்டாட்டம். சோறு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆட்டுக்கு ஒரு கைப்பிடி, அதுவும் தழை தின்ற பிறகு.

தினமும் நிறைய அடர்தீவனம் தின்னும் கறவை ஆடுகளுக்கு, கிலோ தீவனத்துக்கு 10 கிராம் ஆப்ப சோடா கலக்கலாம். மற்ற ஆடுகளுக்கு அது தேவையில்லை. அசை போடும்போது ஊறும் எச்சிலிலேயே போதுமான சோடா இருக்கிறது.

எங்கள் பக்கம் கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் தாராளமாகக் கிடைக்கும். எது நல்லது? (மக்வே)

இரண்டையும் கலந்து போடுங்கள். கடலைப் பிண்ணாக்கில் புரதம் கொஞ்சம் கூடுதல், எள்ளுப் பிண்ணாக்கில் சுண்ணாம்புச் சத்து அதிகம். 100 கிலோ கலவைக்குச் சோளம் அல்லது அரிசிக் குருணை 35, தவிடு 25, பிண்ணாக்கு 25, உளுந்தம் பொட்டு 12, தாது உப்பு 2, சாதா உப்பு 1 கிலோ. உளுந்து இந்த நாட்டில் கொட்டிக் கிடக்கிறது, பொட்டை வீணாக்காதீர்கள். லிட்டர் பாலுக்கு 400 கிராம் கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கலவைக்கு மாறும்போது பத்து நாளாவது எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

மழைக்காலத்தில்தான் எனக்குப் பயம். ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். ஆட்டின் ஈரலைக் கெடுப்பதோடு அது பாலிலும் இறங்கும். காய்ச்சினாலும் போகாது, அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள். மே முதல் அக்டோபர் வரை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரில் படாமல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை வெயிலில் காயவைத்துப் போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. நஞ்சு அப்படியே இருக்கும், குப்பையில் கொட்டிவிடுங்கள்.

சூபாபுல் தழை போட்டால் ஆட்டுக்கு முடி கொட்டுமா? (மோல்மேன்)

அதையே தீனியாகப் போட்டால் கொட்டும். அதிலுள்ள மைமோசின்தான் காரணம். ஹவாய்த் தீவு ஆடுகளின் முன்வயிற்றில் இந்த நஞ்சை முறிக்கும் கிருமி இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் 1980களில் காட்டினார், அந்தக் கிருமிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் ஆடுகளிடம் அது இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதிக்கு அகத்தி, முருங்கை, பலா இலை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். முருங்கை இலை கறவைக்கு மிக நல்லது.

வெந்தயம் கொடுத்தால் பால் ஊறுமா? (யாங்கோன்)

சில ஆய்வுகளில் பால் கூடியிருக்கிறது, சிலவற்றில் கூடவில்லை. கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் பாலில் அதன் வாடை ஏறலாம். அதைவிட முக்கியம் தண்ணீர். பாலில் 87 சதவீதம் அதுதான். நாள் முழுக்கச் சுத்தமான தண்ணீர் முன்னால் இருக்கட்டும்.

ஆட்டுக்கு வாங்கிய தாது உப்பையே செம்மறிக்கும் வைக்கலாமா? (மண்டலே)

வேண்டாம். ஆடு தாங்கும் தாமிரத்தைச் செம்மறி தாங்காது. அது ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் திடீரென்று சாகடிக்கும். ஒரே கொட்டிலில் இருந்தாலும் தொட்டியைத் தனித்தனியாக வையுங்கள்.