மங்கு என்று சொன்ன பாட்டி

கேள்வி: அக்கா, நீங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். எனக்கு 25 வயது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழும் மொழியியலும் படித்துவிட்டு சுங்கை சிப்புட்டில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். போன வருடம் பாட்டிக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு நின்றுபோனது. மருத்துவமனையில் இருந்த ஸ்பீச் தெரபிஸ்ட் தங்கமான மனுஷி. ஆனால் தமிழ் தெரியாது, நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அட்டையில் ஆப்பிள், குடை, ரயில் என்று எதைக் காட்டியும் பாட்டி வாய் திறக்கவில்லை. ஒரு நாள் வீட்டில், செடி வைத்திருந்த பழைய மங்கு ஒன்றைக் கையில் கொடுத்து "ம..." என்றேன். "மங்கு" என்று சொல்லிவிட்டார்! அன்றைக்கே நானும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆவதென்று முடிவெடுத்தேன். ஆஸ்திரேலியாவில் இரண்டு வருட முதுகலை இருக்கிறதாம். அப்பா ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்துத் தருகிறேன் என்கிறார். அம்மாவோ, "இருக்கிற பட்டத்துக்கு டீச்சர் வேலை பார்" என்கிறார். நான் எஸ்டிபிஎம் என்கிற உயர்நிலைத் தேர்வில் கலைப் பிரிவு. என்னால் முடியுமா?

– செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கை, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் பாட்டியைப் பற்றிப் பேசிவிடுவோம் தங்கச்சி. படிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

தோட்டம் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வரி: மங்கு என்பது பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், கட்டிவிடும் கோப்பை. மரம் சீவியதும் பால் சொட்டுச் சொட்டாக அதில்தான் இறங்கும். உன் பாட்டி ஒரு நாளைக்கு எத்தனை நூறு மங்கைத் தொட்டிருப்பார், எத்தனை வருடம் தொட்டிருப்பார் என்று எண்ணிப் பார். குடையும் ரயிலும் அவருக்கு அட்டையில் இருக்கும் படம். மங்கு அவருடைய கை. ஸ்ட்ரோக்கில் மொழி அடிபடுவதை அஃபேசியா என்போம். பெரும்பாலும் சொல் அழிந்துபோவதில்லை, சொல்லுக்குப் போகும் பாதைதான் அடைபடுகிறது. நீ பொருளைக் கையில் கொடுத்தாய், முதல் ஒலியையும் எடுத்துக் கொடுத்தாய். அது இரண்டு பக்கத்திலிருந்தும் பாதை வெட்டுகிற மாதிரி. எங்கள் வகுப்பில் இதற்குப் பெயர், படிநிலை, அளவுகோல் எல்லாம் உண்டு. நீ பெயர் தெரியாமலே செய்திருக்கிறாய்.

அதற்காகக் கிறுகிறுத்துப் போகாதே. இன்று மங்கு என்றவர் நாளைக்கு அதே மங்கைப் பார்த்து முழிப்பார். இந்த நோயின் குணமே அதுதான். இன்னொன்றும் கவனித்திருப்பாய்: ஒன்று, இரண்டு, மூன்று என்று நீ ஆரம்பித்தால் பாட்டி பத்து வரைக்கும் சேர்ந்து வருவார். கிழமைகள் வரும், சாமி பாட்டு வரும். "காலையில அஞ்சு மணிக்கு..." என்று இழுத்தால் "பெரட்டு" என்று வந்தாலும் வரும். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுப்பது. மனப்பாடமாக ஓடுகிற பேச்சு பலருக்கு அடிபடாமல் தப்பிவிடுகிறது. அதைக் கேட்டுவிட்டு "பாட்டிக்குப் பேச்சு வந்துவிட்டது" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிடாதே. முக்கியமாக, வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் "பாட்டி, இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதே. அவருக்குப் புத்தி இருக்கிறது, அவமானமும் தெரியும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் கடிதத்தைப் படித்தால் இந்த வேலை முழுக்கப் பேச்சு என்று நினைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். மருத்துவமனையில் கால் வைத்தபிறகுதான் தெரியும், காலையில் எழுந்தால் பாதி வேலை தொண்டை. ஸ்ட்ரோக் வந்தவர் விழுங்கும்போது சாப்பாடு உணவுக்குழாய்க்குப் போகிறதா, மூச்சுக்குழாய்க்குள் நழுவுகிறதா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. நழுவினால் இருமல் வரும் என்று நீ நினைக்கலாம். சிலருக்கு இருமலே வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதனால் தண்ணீரில் பவுடர் கலந்து கெட்டியாக்கிக் கொடுப்போம். எவ்வளவு கெட்டி என்பதற்கு 0 முதல் 7 வரை உலகப் பொது அளவு ஒன்று இருக்கிறது. 10 மில்லி சிரிஞ்சில் ஊற்றி, 10 விநாடியில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்தே அதன் கீழ்ப்படிகளைத் தீர்மானிக்கிறோம்.

நம் வீட்டு ஆட்கள் செய்யும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். நோயாளிக்கு நல்லது என்று ரசம் சோறு கரைத்து எடுத்து வருவார்கள். ஓடுகிற தண்ணியும் பருக்கையும் ஒரே வாயில்! விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு அதைவிடச் சிரமமான சாப்பாடு குறைவு. தண்ணி முதலில் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். இதை ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழில் சொல்லி, கோபப்படாமல் கேட்க வைப்பதுகூடச் சிகிச்சைதான். கபம், எச்சில், குழாய், வாய் நாற்றம் இதெல்லாம் தினப்படி. நிஜமாகவே யோசித்துப் பார், உனக்கு அருவருப்பு வருமா? வந்தால் தப்பில்லை, பிள்ளைகளோடு மட்டும் வேலை செய்யலாம். ஆனால் படிக்கும்போது இரண்டையும் தாண்டித்தான் போக வேண்டும்.

கலைப் பிரிவு என்று பயப்படுகிறாய். பாதி பயம் நியாயம். மூளையிலிருந்து கிளம்பும் 12 சோடி நரம்புகளில் எது நாக்குக்கு, எது குரல்வளைக்கு, நாக்கை நீட்டச் சொன்னால் அது எந்தப் பக்கம் சாய்கிறது, ஏன் சாய்கிறது, இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். உனக்கு அது புதுசு. ஒலியியல், சொற்றொடர் ஆய்வு, ஒலிக்குறியீடு இதெல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு. உயிரியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் அங்கேதான் தலையைப் பிய்த்துக்கொள்ளும்.

மலேசியாவில் இந்தத் தொழிலுக்கு வாசல் இளங்கலைதான், நான்கு வருடம். தேசியப் பல்கலைக்கழகம், நாம் யுகேஎம் என்போமே, அங்கே 1995-இல் ஆரம்பித்தார்கள். பிறகு குபாங் கெரியானில் யுஎஸ்எம், குவாந்தானில் இஸ்லாமியப் பல்கலைக்கழகம். இவையெல்லாம் அறிவியல் பிரிவுப் பிள்ளைகளை மனதில் வைத்தே இடம் தருகின்றன. உன் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே முதுகலைக்கு விண்ணப்பித்தால் ஆராய்ச்சி முதுகலை கிடைக்கலாம். ஆராய்ச்சி முதுகலை உன்னை ஆராய்ச்சியாளர் ஆக்கும், நோயாளியின் பக்கத்தில் உட்கார அனுமதி தராது. இதைத் தெரியாமல் இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். முதுகலை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறார்கள். எதில் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி இருக்கிறதோ, அதுதான் உனக்கு வேண்டியது.

சென்னைக்குப் போகலாமே, தமிழிலேயே பயிற்சி கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது, சென்னையில் போரூரிலும் நல்ல கல்லூரி இருக்கிறது. ஆனால் அங்கே முதுகலைக்குப் போக, பேச்சும் செவிப்புலனும் சேர்ந்த அவர்களுடைய நான்கு வருட இளங்கலை வேண்டும். மொழியியல் பட்டம் அந்தக் கதவைத் திறக்காது. அமெரிக்காவில் வேறு துறையிலிருந்து வருகிறவர்களையும் எடுப்பார்கள். முன்பாடங்களை முடித்து, முதுகலையில் 400 மணி நேரப் பயிற்சி காட்ட வேண்டும். அதில் 25 மணி நேரம் பார்த்துக் கற்பது, 375 மணி நேரம் நீயே கை வைப்பது. அதற்கு மேல் ஒரு தேர்வும், 36 வார மேற்பார்வைப் பணியும். சுங்கை சிப்புட்டிலிருந்து அந்தச் செலவை நினைத்துப் பார்க்கவே வேண்டாம் என்பேன்.

ஆக, நீ சொல்லும் ஆஸ்திரேலிய இரண்டு வருடப் படிப்பு அசட்டு யோசனை இல்லை. வேறு பட்டம் படித்தவர்களுக்கென்றே அங்கே அப்படிப் படிப்புகள் உண்டு. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம். உடலியங்கியல், உளவியல், புள்ளியியல் போல என்னென்ன முன்பாடம் கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமாகப் பார். ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் பொதுவாக 7, சில இடங்களில் அதற்கும் மேலே. மூன்றாவதுதான் முக்கியம். நம் நாட்டில் 2016-ஆம் வருடத்து 774-ஆம் சட்டத்தின்படி துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதியாமல் இந்த வேலை செய்ய முடியாது. 23 தொழில்கள் அதில் வருகின்றன, நம்முடையதும் ஒன்று. நீ படிக்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட பட்டத்தை மன்றம் ஏற்குமா என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். ஏஜெண்ட் "எல்லாம் ஓகே" என்றால் அது பதில் இல்லை.

ஈபிஎஃப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பிள்ளையின் படிப்புக்கு எடுக்க விதி இடம் கொடுக்கிறது, உண்மை. ஆனால் தோட்டத்தில் உழைத்தவருக்கு அறுபதுக்குப் பிறகு இருப்பது அந்தக் கணக்கு மட்டும்தான். பிடிபிடிஎன் என்கிற அரசாங்கக் கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். எம்ஐஇடி போன்ற இடங்களில் கல்விக் கடன் கேட்டுப் பார். எல்லாம் போக மிச்சத்துக்கு மட்டும் அப்பாவிடம் போ. அவர் கொடுக்கிறேன் என்பதற்காக வாங்க வேண்டும் என்றில்லை. அம்மா சொல்வதையும் தள்ளிவிடாதே. ஒரு வருடம் சம்பாதித்துக்கொண்டே, மாவட்டத்தில் இருக்கும் பிடிகே என்கிற சமூக மறுவாழ்வு மையத்திலோ நாசாம் போன்ற ஸ்ட்ரோக் சங்கத்திலோ வார இறுதியில் கை கொடு. முன்பாடங்களையும் அந்த வருடத்தில் முடி. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் போ.

தமிழ் தெரியும் என்ற தைரியம் உனக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். புத்தகத்தில் இருந்த சொற்பட்டியலை வைத்துச் சோதித்தேன். "வாளப்பளம்" என்றான். ழகரம் தவறு என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் பாட்டி, "அளுவாதய்யா, பளம் வாங்கித் தாரேன்" என்றார். அந்த வீட்டில் யாருக்குமே ழ கிடையாது! அது கோளாறு இல்லை, அவர்கள் பேச்சு. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பாட்டி ஒரு கதை சொன்னார்: தாத்தா இறந்ததிலிருந்து அமாவாசைச் சோறு வைக்கும்போதெல்லாம் பையன் வாசலைப் பார்த்து "தாத்தா வந்துருச்சு, தாத்தா வந்துருச்சு" என்று கத்துவானாம். வீடே கண் கலங்குமாம். எனக்கும் கண் கலங்கியது. இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அவன் சொன்னது காக்கா. அடிநாக்கு எழும்பிச் சொல்ல வேண்டிய க-வை எல்லா இடத்திலும் நுனிநாக்கால் த ஆக்கிக்கொண்டிருந்தான். கண்ணு தண்ணு ஆனது, கத்தி தத்தி ஆனது. மூன்று வயதில் அது மழலை, ஐந்து வயதில் பார்க்க வேண்டிய விஷயம். கவனிக்க வேண்டியதை விட்டுவிட்டு, கவனிக்கக் கூடாததைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். நானும் தமிழச்சி, நானும் தோட்டத்துப் பிள்ளை.

நீ ஆஸ்திரேலியாவில் படிக்கும் இரண்டு வருடமும் பயிற்சி ஆங்கிலத்தில்தான் இருக்கும். அங்கே கற்றதைச் சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுவந்து, இங்கே பிள்ளைகள் எந்த வயதில் எந்த ஒலியைப் பிடிக்கிறார்கள், மலாயும் தமிழும் கலந்து பேசும் பிள்ளையிடம் எது கலப்பு, எது கோளாறு என்று பிரித்துப் பார்ப்பது நீயே செய்ய வேண்டிய வேலை. கையில் நோட்டோடு ஆரம்பி. டியூஷன் பிள்ளைகளே போதும்.

பாட்டியிடமிருந்தும் ஆரம்பிக்கலாம். இந்த வாரம் மங்கைக் கையில் கொடுக்கும்போது "ம" சொல்லாதே. மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு சும்மா இரு. வரவில்லை என்றால் உதட்டை மட்டும் மூடிக் காட்டு. அப்புறம்தான் ஒலி. எந்தப் படியில் சொல் வந்தது என்று தேதி போட்டு எழுது. ஒரு மாதக் கணக்கை எனக்கு அனுப்பி வை, பார்க்கிறேன்.