தளத்தைக் கழற்ற முன் அதற்குக் கீழே பாருங்கள்

கேள்வி: அறுகம்குடாவில் நாலு அறை கொண்ட சிறிய விடுதி நடத்துகிறேன். முன்னால் கடலைப் பார்த்தபடி முதிரைப் பலகையில் போட்ட தளம் இருக்கிறது. இப்போது பலகை நரைத்துவிட்டது, படிப் பக்கம் பாசி பிடித்து வழுக்குகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் கலந்த பலகை போட 9 இலட்சம் வரும் என்கிறார் ஓடாவி. கையில் 3 இலட்சம் இருக்கிறது. மிச்சத்துக்கு நகையை அடகு வைக்க யோசிக்கிறேன், வட்டி ஆண்டுக்கு 18 வீதம். பின்னேரமானால் தளத்தில் இருக்க முடியாமல் நுளம்பு கடிக்கிறது என்று விருந்தினர்கள் சொல்கிறார்கள். மாதம் 8,000 ரூபாய்க்குப் புகை அடித்துத் தர ஒருவர் கேட்கிறார். இரண்டையும் செய்யலாமா? (விருந்தினர் கால் கழுவும் பைப் படிக்குப் பக்கத்தில்தான். தளத்துக்குக் கீழே பழைய சீமெந்துத் தரை, அதில் பெயின்ற் வாளிகளும் உடைந்த கதிரைகளும் கிடக்கின்றன.)

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம், சகோதரி. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் கணக்கு. 6 இலட்சத்துக்கு 18 வீதம் என்றால் வருடத்துக்கு 108,000 ரூபாய் வட்டி. புகைக்கு 96,000. இரண்டும் சேர்த்து 204,000, அதாவது மாதம் 17,000. வாங்கிய 6 இலட்சத்தில் ஒரு ரூபாயும் இன்னும் குறையவில்லை. உங்களுக்கு வருமானம் வருவது ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரைதான். வட்டியோ மாரி மாதங்களிலும் ஏறிக்கொண்டே இருக்கும். சீசன் ஒன்று படுத்துவிட்டால் நகையை மீட்பது பெரும் பாடாகிவிடும்.

அடைப்புக்குறிக்குள் போட்ட கடைசி இரண்டு வரிகளில்தான் உங்கள் பிரச்சினை முழுக்க இருக்கிறது. பைப் தண்ணீர் தளத்துக்குக் கீழே போகிறது. சீமெந்துத் தரை அதை உறிஞ்சாது, அங்கேயே தேங்குகிறது. அந்த ஈரம் பலகையைக் கீழிருந்து உக்க வைக்கிறது. வாளியிலும் கதிரைக் குழிவிலும் நிற்கும் மழைத் தண்ணீரில் நுளம்பு முட்டையிடுகிறது. முட்டை பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளியும் குடம்பியை ஒன்றும் செய்யாது. அடுத்த கிழமை புதுக்கூட்டம் வந்துவிடும், நீங்களும் அடுத்த மாதத்துக் காசைக் கட்டுவீர்கள். செயற்கைப் பலகை போட்டாலும் கீழே தண்ணீர் நின்றால், அதைத் தாங்கும் மரச்சட்டம் உக்கத்தான் செய்யும்.

மரம் நரைப்பது வெயிலால் மேல்தோலில் வரும் மாற்றம், பழுது அல்ல. ஒரு திருப்புளியை எடுத்து ஒவ்வொரு பலகையின் முனையிலும், ஆணி அடித்த இடங்களிலும், கீழேயுள்ள சட்டங்களிலும் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் மரம் உக்கியிருக்கிறது, சோக்கட்டியால் அடையாளம் போடுங்கள். இறங்காவிட்டால் நல்ல மரம். அடையாளம் போட்டதற்கு மட்டும் ஓடாவியிடம் விலை கேளுங்கள். கடற்காற்றில் சாதாரண ஆணி துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும், கறள் பிடிக்காத ஸ்குறூவே போடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் 3 இலட்சம். ஒரு இலட்சத்தைத் தொடாதீர்கள், அது மாரிக்காலச் செலவுக்கு. 150,000 ரூபாய்க்குள் கீழ்வேலையையும் பலகை மாற்றுவதையும் முடிக்கப் பாருங்கள். சாமான்களை அகற்றி, தரையில் சரிவு எடுத்து, பைப்பைத் தளத்தை விட்டுத் தள்ளி வைத்து, தண்ணீர் போக வழி வெட்டுங்கள். இரண்டு மூன்று பலகைகள் கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்கட்டும், கிழமைக்கு ஒருதரம் கீழே பார்க்கலாம். மிச்சம் 50,000 கழுவுவதற்கும் எண்ணெய்க்கும், அறைகளுக்கு நுளம்பு வலைக்கும், தளத்தில் இரண்டு மின்விசிறிக்கும். நுளம்புக்குப் பறக்கும் பலம் குறைவு, நல்ல காற்றில் அண்டாது. களப்புப் பக்கமிருந்து வருகிற நுளம்புக்கும் அதுதான் வழி.

கழுவும்போது அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம், மரநார் கிளம்பிவிடும். குளோறினும் மரத்தைத் தின்னும். சவர்க்காரத் தூளும் தும்புத் தூரிகையும் போதும், நார் ஓடும் பக்கமாகவே தேயுங்கள். இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் பூசுங்கள். மாரி முடிந்து சீசன் தொடங்க முன், மார்ச் மாதம் இதற்கு நல்ல காலம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் என்றால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

புகைக்குக் கொடுக்க இருந்த 8,000 ரூபாயை சீசன் மாதங்களில் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஆறு மாதத்தில் 48,000 சேரும், அடுத்த வருடப் பூச்சுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்காவது டெங்கு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள், புகை தேவைப்படும் நேரம் அதுதான். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பவர் மீது வழக்கும் போடலாம். அந்த வாளிகளை இன்றைக்கே அகற்ற இதுவும் ஒரு காரணம்.

திருப்புளி வைத்துப் பார்த்ததில் சட்டங்களில் பாதிக்கு மேல் உக்கியிருந்தால் என் கணக்கு மாறும். அப்போது இன்னொரு ஓடாவியிடமும் விலை எழுதி வாங்கி, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். அதுவரை அடகுக் கடைப் பக்கம் போக வேண்டாம்.