கட்டுரையில் நிறம் வர என்ன செய்யலாம்?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பத்தாம் தரத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஊரை வர்ணித்து எழுதச் சொன்னால் எல்லாக் கொப்பியிலும் 'அவர் எஸ்டேட் இஸ் வெரி பியூட்டிபுல், எவ்ரிவேர் இஸ் கிரீன்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஏதாவது படம் போட்டுக் காட்டி, நிறங்களின் பெயர்ப் பட்டியலும் கொடுத்தால் சரிவருமா? புரொஜெக்டர் இல்லை, என் லெப்டொப் மட்டும்தான். - ஓர் ஆசிரியை

பதில்: படம் காட்டுங்கள் டீச்சர், பட்டியல் வேண்டாம். ஸ்கார்லட், கிரிம்சன், மரூன் என்று எழுதிப்போட்டால், அடுத்த கட்டுரையில் அத்தனையும் இடம் பொருள் பார்க்காமல் வந்து குந்திக்கொள்ளும்.

அல்பர்ட் லமோரீஸ் 1956இல் எடுத்த 'த ரெட் பலூன்' என்ற பிரெஞ்சுப் படம் போதும். 34 நிமிடம்தான். பேச்சு மிகக் குறைவு என்பதால் பிரெஞ்சு தெரியாதது ஒரு தடையே இல்லை. (அப்படிப்பட்ட படத்துக்குத் திரைக்கதை ஒஸ்கார் கொடுத்தார்கள்!) கதை ஒரு சின்னப் பையனைப் பற்றியது, நடக்கிற இடம் பாரிசின் மெனில்மோந்தான் பகுதி. சுவரும் தெருவும் சாம்பல் நிறம், பையனின் உடுப்பும் அதே சாம்பல். அதற்குள் அவன் பின்னாலேயே திரியும் பெரிய சிவப்புப் பலூன் ஒன்று. சுற்றியுள்ள நிறங்களை அடக்கி வைத்ததால்தான் அந்தச் சிவப்பு கண்ணில் நிற்கிறது. நாலா பக்கமும் பச்சை என்று எழுதினால் எந்தப் பச்சை எடுபடும்?

முதலில் முழுப்படத்தையும் பார்க்கட்டும். அடுத்த பாடவேளையில் ஒரு காட்சியை நிறுத்திவைத்துக் கேளுங்கள்: நிறம் எங்கே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் என்ன நிறம், அது என்ன செய்கிறது? கடைசிக் கேள்விதான் முக்கியம், வினைச்சொல் அதில்தான் வரும். 'த பலூன் இஸ் ரெட்' என்று எழுதிய பிள்ளை, 'த ரெட் பலூன் வெயிட்ஸ் அவுட்சைட் த வின்டோ' என்று எழுதும். பலூன் காற்றுப்போய்ச் சுருங்கும் காட்சியையும் விடாதீர்கள். மினுக்கம் போய்த் தோல் சுருங்குவதைச் சொல்லப் பிள்ளைகள் சொல் தேடித் தடுமாறுவார்கள். அப்போது 'ஷைனி', 'ரிங்கிள்ட்' என்று எடுத்துக்கொடுத்தால் மனதில் ஒட்டும். 'பிக் ரெட் பலூன்' என்று அளவு முன்னே, நிறம் பின்னே வருவதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம்.

அப்புறம் வகுப்பை வெளியே கூட்டிப்போங்கள், பனிமூட்டம் இறங்கிய நாளாக இருந்தால் இன்னும் நல்லது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய (கிளைகளை நறுக்கிவிட்ட) மலை பழுப்புக் குச்சியாய் நிற்கும். பக்கத்து மலையில் கொழுந்து இளம்பச்சையாய்த் தளிர்த்திருக்கும், அதன் கீழே முற்றல் இலை கரும்பச்சை. லயத்து வீட்டுத் தகரக் கூரையில் துரு. ஆளுக்கு ஒரு நிறம், ஐந்து வரி போதும். 'பியூட்டிபுல்', 'நைஸ்' இரண்டுக்கும் அன்று லீவு.

புரொஜெக்டர் இல்லாவிட்டால் என்ன, வகுப்பை இரண்டு மூன்று குழுவாகப் பிரித்து லெப்டொப்பிலேயே காட்டுங்கள். ஜன்னலுக்குப் படங்கு ஏதாவது கட்டி, திரை வெளிச்சத்தை முழுதாகக் கூட்டிவையுங்கள். மங்கலான திரையில் சாம்பலும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும்.