பள்ளி மானியம்: தீர்மானம் முதலில், செலவு பிறகு

கேள்வி: 130 மாணவர்கள் பயிலும் அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்றுள்ளேன். பள்ளி மானியத்தைத் தணிக்கைத் தடை (கணக்குத் தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம்) வராமல் எப்படிச் செலவிடுவது? அவசரப் பழுதுகளுக்குச் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டுப் பின்னர் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி 101 முதல் 250 வரை மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை மானியம் உண்டு, அதில் குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும். மின்கட்டணம், குடிநீர், கற்பித்தல் பொருள்கள், சிறு பழுதுகள் ஆகியவை மிச்சத்துக்குள் அடங்கியாக வேண்டும் என்பதால், எது முதலில் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முடிவு உங்களுடையது மட்டுமன்று. கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், குழுவில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. மானியச் செலவைக் கண்காணிப்பதும் அக்குழுவின் கடமையே. ஆகவே கூட்டத் தீர்மானம், விலைப்புள்ளி (கடைக்காரர் எழுத்தில் தரும் விலை), கொள்முதல், இருப்புப் பதிவேட்டில் பதிவு, அதன் பிறகே பணம் வழங்குதல் என்ற வரிசை மாறவே கூடாது. தணிக்கையில் சிக்குபவை பெரும்பாலும் செலவுக்குப் பின் தேதியிட்டு எழுதப்பட்ட தீர்மானங்கள்தாம். நேர்மையான செலவைக்கூட அவை சந்தேகத்துக்குரியதாக்கிவிடுகின்றன.

சொந்தப் பணத்தைப் போடும் வழக்கத்தை, அது எவ்வளவு நல்லெண்ணத்தில் செய்யப்பட்டாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த ஒற்றை முகமைக் கணக்கு முறையில், திட்டத்தின் பணம் மாநில அளவில் ஒரே முகமையின் கணக்கில் இருக்கும்; பள்ளியின் கணக்கில் பணம் தங்குவதில்லை, செலவு வரம்பு மட்டுமே தரப்படுகிறது. பணம் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டியிருக்க, உங்கள் பெயருக்குத் திருப்பி எடுக்க முயன்றால் உரிய பற்றுச்சீட்டைக் காட்டுவது கடினம். உடைந்த குழாயைப் போன்ற அவசரங்களுக்காக, சிறு பழுதுகளுக்கென ஒரு தொகையைக் குறிப்பிட்டு முன்கூட்டியே பொதுத் தீர்மானம் நிறைவேற்றி வைத்திருப்பதே பாதுகாப்பானது.

குழுத் தலைவராக இருக்கும் பெற்றோரிடம் வெறும் கையெழுத்தை மட்டும் வாங்காதீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ரொக்கப் பதிவேட்டை வாசித்துக் காட்டி, புரியாத இடத்தில் அவர் கேள்வி கேட்கும் அளவுக்கு நேரம் கொடுங்கள். அவருடைய பிள்ளைக்கான பணம் அது. செலவாகாத வரம்பு நிதியாண்டு முடிவில் திரும்பப் பெறப்படும் என்பதால், மார்ச் மாத அவசரக் கொள்முதலைத் தவிர்த்து, டிசம்பருக்குள் பெரிய செலவுகளை முடித்து, மானியம் உரிய பணிக்கே செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றுக்கான ஆவணங்களைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.