பள்ளி லாக் புத்தகத்தில் ஏன் மழையும் காய்ச்சலுமே நிறைந்திருக்கின்றன?

கேள்வி: ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்த கல் கட்டடம். முகப்பில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றும், பக்க வாசலின் மேல் ‘கேர்ள்ஸ்’ என்றும் செதுக்கியிருக்கிறது. 1907-இல் இங்கே ஒரு நாள் எப்படி நடந்திருக்கும் என்று தன் பள்ளிக் கண்காட்சியில் காட்ட மகள் ஆசைப்படுகிறாள். ஆவணக் காப்பகத்தில் அக்காலத் தலைமை ஆசிரியர் பள்ளி நடப்புகளைக் குறித்து வைத்த லாக் புத்தகத்தைப் பார்த்தோம். பக்கத்துக்குப் பக்கம் மழை, பனி, தட்டம்மை, உருளைக்கிழங்கு. பாடம் நடந்ததாகவே தெரியவில்லை. இது பணக்காரர் பள்ளியா? இந்தப் புத்தகத்தை எப்படிப் படிப்பது?

பதில்: பணக்காரர் பள்ளி இல்லை அம்மா. ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் இங்கிலாந்தில் ஈட்டன், ஹாரோ போன்ற கட்டணப் பள்ளிகள். நம் ஊர்த் தனியார் பள்ளிகள் இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வதும் அந்தப் பொருளில்தான். ஸ்காட்லாந்தில் அதன் பொருளே வேறு. 1872-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஏறத்தாழ ஆயிரம் பள்ளி வாரியங்களை உருவாக்கியது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளூரில் தேர்தல் நடக்கும். வரி செலுத்தும் பெண்கள் அதில் வாக்களிக்கலாம், போட்டியிடலாம். நாடாளுமன்ற வாக்குரிமை அவர்களுக்குக் கிடைத்தது 1918-இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த வாரியங்கள் நடத்திய பள்ளிதான் சட்டத்தின் பார்வையில் பப்ளிக் ஸ்கூல். 1890 வாக்கில் தொடக்கக் கல்விக்கான கட்டணமும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. உங்கள் பகுதியில் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளையும் பண்ணையாளின் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

இனி லாக் புத்தகம். அதைக் கணக்குப் புத்தகம் என்று எண்ணிக்கொண்டு படியுங்கள், எல்லாம் விளங்கிவிடும். பள்ளிக்கு வரும் அரசு மானியம் மாணவர்களின் சராசரி வருகையைப் பொறுத்தது. லண்டனில் வைட்ஹால் வட்டாரத்தில் இருந்த ஸ்காட்ச் கல்வித் துறை அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பணம் தந்தது. வருகை சரிந்தால் வாரியத்தின் வருமானம் சரியும். வாரியம் தலைமை ஆசிரியரைக் கேட்கும். அவர் தன் பக்க நியாயத்தை எழுதி வைத்த இடம் அந்தப் புத்தகம். ‘வாரம் முழுவதும் மழை. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் வரவில்லை’ என்ற மாதிரி வரியை வானிலைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருகை ஏன் குறைந்தது என்பதற்கான விளக்கம் அது.

அவர் மனத்தில் இருந்தது ஏன் எங்குமே தெரியவில்லை என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். பொதுவான கருத்துகளையும் சிந்தனைகளையும் லாக் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது விதி. ஆசிரியர் வேலையில் சேர்ந்த நாள், நோயால் விடுப்பு எடுத்த நாள், எச்சரிக்கை, ஆய்வாளர் வருகை போன்ற செய்திகள் மட்டுமே. பல ஆண்டுகள் பாடம் சொல்லித்தந்த ஒரு மனிதர், ஒரு பிள்ளை இறந்ததைக்கூட ஒற்றை வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் நிலக்கரி வந்து சேர்ந்ததைக் குறித்திருப்பார். அது கல்நெஞ்சம் இல்லை. அந்த ஒற்றை வரிக்குமேல் எழுத அவருக்கு அனுமதி இல்லை.

ஒரு நாள் எப்படி நடந்தது என்று மகளுக்குச் சொல்ல வேண்டுமல்லவா? காலையில் மணி அடித்ததும் பையன்களும் பெண்களும் தனித்தனி விளையாட்டு முற்றங்களில் வரிசை கட்டி, தனித்தனி வாசல்களில் நுழைவார்கள். உங்கள் வீட்டு வாசலில் செதுக்கிய சொல் அதற்குத்தான். கிளாஸ்கோவில் சார்லஸ் ரென்னி மக்கின்டாஷ் வடிவமைத்து 1906-இல் திறக்கப்பட்ட ஸ்காட்லாந்து தெருப் பள்ளியிலும் பையன்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு வாசல்கள்தான்.

முதல் பாடம் வேதாகமம். அது முதலில் வைக்கப்பட்டதற்குச் சட்டத்தில் காரணம் உண்டு. சமய போதனையைப் பள்ளி வேளையின் தொடக்கத்திலோ முடிவிலோதான் நடத்தலாம். விரும்பாத பெற்றோர் அந்த நேரத்தில் மட்டும் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். அந்தக் கால அட்டவணை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் தொங்க வேண்டும். கண்காட்சியில் அந்த அட்டவணையை எழுதி மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்து வருவதுதான் அந்த நாளின் முக்கியமான நிமிடம்: வருகைப் பதிவேடு. மையால்தான் குறிக்க வேண்டும், அழித்துத் திருத்தக் கூடாது. காலையோ பிற்பகலோ, ஒரு வேளைக்கான வருகை கணக்கில் சேர வேண்டுமானால் பிள்ளை இரண்டு மணி நேரம் சமயம் சாராத பாடங்களில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் வீட்டுக்குப் போனால் போட்ட குறி செல்லாது. வாரிய உறுப்பினர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து தலைகளை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுவார். ‘பதிவேடுகள் சரிபார்க்கப்பட்டன, சரியாக உள்ளன’ என்ற வரி உங்கள் புத்தகத்தில் வேறு கையெழுத்தில் இருந்தால், அது அவர் எழுதியது.

பிறகு வாசிப்பு, கணக்கு, எழுத்து, வரலாறு, புவியியல். சின்னப் பிள்ளைகளுக்குச் சிலேட்டும் பலப்பமும். பெரியவர்களுக்குத் தொட்டு எழுதும் பேனாவும் மேசைக்குழியில் மைக்கூடும். நகரப் பள்ளிகளில் ஓர் ஆசிரியரின் முன்னால் அறுபது எழுபது பிள்ளைகள் இருப்பது சாதாரணம். ஆசிரியரின் மேசையில் டாஸ் இருக்கும். நுனி பிளந்த தடித்த தோல் வார் அது. அடி விழுவது உள்ளங்கையில். அந்த வாரைச் செய்வதில் பெயர்பெற்ற லாக்கெல்லி உங்கள் ஃபைஃப் பகுதியில்தான் இருக்கிறது. எல்லா அடியும் லாக் புத்தகத்தில் ஏறிவிடவில்லை. பதிவு இல்லாததால் அடி இல்லை என்று மகள் எழுதிவிட வேண்டாம்.

மதியம் அருகில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். தொலைவிலிருந்து நடந்து வருபவர்கள் ‘பீஸ்’ கொண்டு வருவார்கள். ஜாம் தடவிய ரொட்டிக்கு ஸ்காட்லாந்தில் இன்றும் அந்தப் பெயர் உண்டு. பிற்பகலில் பெண்களுக்குத் தையல், பையன்களுக்குப் பெரும்பாலும் ஓவியம். பாட்டு வகுப்பில் டானிக் சோல்ஃபா முறை. நம் ச ரி க ம போல டோ ரே மீ எழுதிய நீண்ட அட்டை சுவரில் தொங்கும், ஆசிரியர் குச்சியால் தொட்டுக் காட்டுவார். டிசம்பரில் உங்கள் ஊரில் மூன்றே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் மதிய இடைவேளையைக் குறைத்துப் பள்ளியை முன்னதாக முடித்ததற்கு இதுவே காரணம்.

புத்தகத்தைப் புரட்டும்போது சில தேதிகளில் நின்று பாருங்கள். அக்டோபரில் உருளைக்கிழங்கு அறுவடை. பிள்ளைகளின் கூலி வீட்டுக்குத் தேவைப்பட்டது, வகுப்பு காலியாகும். அதனால் பல வாரியங்கள் அப்போதே விடுமுறை விட்டன. இன்றைய அக்டோபர் விடுமுறையைப் பெரியவர்கள் இன்னும் ‘டாட்டி விடுமுறை’ என்கிறார்கள். அடுத்து மே 28, நவம்பர் 28. இவை அக்கால ஸ்காட்லாந்தில் வேலை ஒப்பந்தமும் வாடகையும் மாறிய நாட்கள். பண்ணையாள் குடும்பங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு பண்ணைக்குப் போய்விடும். அந்த வாரங்களில் ஒரேயடியாகப் பல பெயர்கள் காணாமல் போனால், நோய் என்று பயப்படாதீர்கள்.

உண்மையான நோய்க்காலம் வேறு மாதிரி இருக்கும். தட்டம்மை, கக்குவான், ஸ்கார்லெட் காய்ச்சல், தொண்டை அடைப்பான் எனப் பெயர் போட்டே இருக்கும். சுகாதார அதிகாரியின் உத்தரவால் பள்ளி மூடப்பட்ட குறிப்பும் வரும். 1908-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி வாரியங்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தும் அதிகாரம் தந்தது. வறிய பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கிடைக்க வழி செய்தது. உங்கள் புத்தகம் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கும் நீண்டால், மருத்துவரின் பெயரைத் தேடுங்கள்.

பன்னிரண்டு வயதையொட்டி ‘குவாலிஃபையிங்’ என்ற தேர்வு வரும். தேறியவர்களில் சிலர் உயர்நிலைப் படிப்புக்குப் போவார்கள். மற்றவர்கள் அங்கேயே துணைப் பாடப்பிரிவில் வணிகம், கைத்தொழில், கிராமத் தொழில், இல்லப் பராமரிப்பு என ஒன்றைப் படிப்பார்கள். 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு வயதுவரை பள்ளிக்கு வர வேண்டும். ஆனால் பன்னிரண்டைத் தாண்டிய பிள்ளைக்கு வாரியம் தனி விலக்கு தரலாம். அந்த விலக்குக் கேட்டு வந்த பெற்றோரில் பலர் வேலைக்கு ஒரு கை தேவைப்பட்ட விதவைத் தாய்மார்கள். என்னை மிகவும் தடுமாற வைப்பவை இந்தப் பதிவுகள்தான்.

லாக் புத்தகத்தோடு நின்றுவிடாதீர்கள். காப்பகத்தில் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முகவரி, சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அதிலிருந்து 1907-இல் மகளின் வயதில் இருந்த ஒரு சிறுமியைத் தேர்ந்தெடுத்து, 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே முகவரியைத் தேடுங்கள். ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அங்கே அவள் பெயருக்கு நேரே ‘மாணவி’ என்று இருக்கிறதா, ‘வீட்டு வேலையாள்’ என்று இருக்கிறதா என்பதை மகளே கண்டுபிடிக்கட்டும்.